முதலில் நிற்கட்டும், அப்புறம் ஓடட்டும்

அக்காவின் கார் இரண்டு வருடத்துக்கும் மேல் உறை போட்டபடி நின்றிருந்தது. பெட்ரோல் வண்டி, கையால் கியர் போட்டு ஓட்டுவது, அதிகம் ஓடாதது. அவள் திரும்பி வந்ததும் ஓட்ட வேண்டும், அதற்குள் தயார் செய்து வை என்று பொறுப்பு என் தலையில் விழுந்தது. கேட்டவர்கள் எல்லோரும் ஒரே வழியைத்தான் சொன்னார்கள்: ஜம்ப் போட்டு (வேறொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் இழுத்து) ஸ்டார்ட் பண்ணு, ஒரு ரவுண்டு போய்விட்டு வா, எல்லாம் சரியாகிவிடும்.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நல்ல பேட்டரியும் கொஞ்சம் பெட்ரோலும் இருந்தால் பெரும்பாலான இன்ஜின்கள் எப்படியாவது உறுமிவிடும். கிளம்பிய வண்டி சொன்ன இடத்தில் நிற்குமா என்பதுதான் கேள்வி. அதனால் வேலை வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொண்டேன். டயரும் பிரேக்கும் முதலில், இன்ஜின் கடைசியில். பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஒருவர் உதவிக்கு வந்தார். "ஓடுற வண்டியை விட நின்ன வண்டிக்குத்தான் வியாதி ஜாஸ்தி தம்பி" என்றார், உறையை விலக்கும்போதே.

டயரைப் பார்த்தவுடன் ஏமாந்துபோவது சுலபம். பட்டன், அதாவது தரையைத் தொடும் மேடுபள்ளம், அப்படியே புதிதாக இருந்தது. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் டயரை மாற்ற வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். அந்த அளவைக் காட்டச் சின்ன மேடுகளைப் பள்ளத்துக்குள்ளேயே வைத்திருப்பார்கள். இந்த வண்டியில் அந்த மேடுகளை எட்ட இன்னும் எவ்வளவோ பாக்கி. ஆனால் டயரின் பக்கவாட்டில் 'டாட்' (DOT) எழுத்துகளோடு வரும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் படித்தால் வேறு கணக்கு தெரியும். முதல் இரண்டு இலக்கம் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருடம். 1416 என்றால் 2016ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்த டயர். ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகிக்கொண்டே போகும். ஐந்து வருடம் தாண்டிய டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்து வருடத்தைத் தாண்டி எந்தக் காரணத்துக்காகவும் ஓட்டக் கூடாது என்று பல டயர் நிறுவனங்களே சொல்கின்றன. இந்த வண்டியில் நான்கு டயருக்கும் பக்கவாட்டில் தலைமுடி அளவுக்கு வெடிப்புகள் ஓடியிருந்தன. கீழ்ப்பக்கம் தரையில் அழுந்தித் தட்டையாகியிருந்தது. ஓட்டினால் அந்தத் தட்டை கொஞ்ச தூரத்தில் சரியாகலாம், வெடிப்பு சரியாகாது.

நான்கையும் மாற்றினேன். ஸ்டெப்னியையும். ஸ்டெப்னி ஒருநாளும் தரையைத் தொட்டதில்லையே என்று அக்கா போனில் கேட்டாள். தொடவில்லைதான், ஆனால் அதுவும் மற்ற நான்கின் வயதுதான். நடுவழியில் அதை மாட்டும் நாளில் அது வெடித்தால் இருந்தும் இல்லாததற்குச் சமம். காற்று எவ்வளவு என்பதற்கு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரைத்தான் பார்க்க வேண்டும். டயரிலேயே அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய அதிகபட்ச அழுத்தம், இந்தக் காருக்குச் சரியான அளவு அல்ல. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், காற்றடிக்கும் இடங்களில் பலர் டயரைக் குனிந்து பார்த்துத்தான் எண்ணைச் சொல்கிறார்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடிக் காட்டும். ஆறியிருக்கும்போது அளந்ததுதான் கணக்கு.

டயரைக் கழற்றுவதற்குள் இன்னொன்று. வண்டியோடு வரும் ஜாக்கி சக்கரம் மாற்ற மட்டும்தான். அதை நம்பி வண்டிக்கு அடியில் தலையையோ தோளையோ நுழைக்கவே கூடாது. சமதரையில் நிறுத்தி, தூக்காத பக்கத்துச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, அண்ணன் கொண்டுவந்த இரும்பு ஸ்டாண்டின் மேல் வண்டியை இறக்கி வைத்த பிறகுதான் கையை உள்ளே விட்டோம். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு முக்கித் திருகினால் வண்டி ஸ்டாண்டிலிருந்து நழுவ நாமே வழி செய்தது போலாகும்.

அப்புறம் பிரேக். ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டோம், ஆனால் பின்சக்கரம் ஒன்று அசையவே இல்லை. நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஈரத்தில் துருவேறி, லைனிங் (உராய்ந்து சக்கரத்தை நிறுத்தும் பட்டை) டிரம்மோடு (சக்கரத்தோடு சுற்றும் இரும்புக் கிண்ணத்தோடு) ஒட்டிக்கொண்டுவிட்டது. இந்த நிலையில் கியரைப் போட்டு இன்ஜின் பலத்தால் இழுத்து விடுவிக்கலாம் என்று சிலர் செய்வதுண்டு. பல நேரம் விடும். சில நேரம் லைனிங் இரும்புப் பட்டையிலிருந்து உரிந்து டிரம்முக்குள்ளேயே கிடக்கும். பெடல் வழக்கம் போலவே தோன்றலாம், ஆனால் அந்தச் சக்கரத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காது. அண்ணன் டிரம் விளிம்பைச் சுற்றி ரப்பர் சுத்தியலால் பொறுமையாகத் தட்டினார். 'டக்' என்று விட்டது. திறந்தபோது உள்ளே நிறையத் தூசி. நான் ஊதப் போனதும் கையைப் பிடித்துக்கொண்டார். பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். எந்தத் தூசியாக இருந்தாலும் நுரையீரலுக்கு நல்லதல்ல. ஈரத்துணியால் ஒற்றி எடுத்தோம். இனிமேல் நீண்ட நாள் நிறுத்துவதானால் சமதரையில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் விடு என்று அக்காவிடம் சொல்லியாயிற்று.

முன்பக்க டிஸ்க்குகளில் துரு இருந்தது. மேலோட்டமான துரு நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும், அதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது காலிப்பரில், அதாவது டிஸ்க்கை இருபக்கமும் பேட்களால் கவ்விப் பிடிக்கும் பாகத்தில், இருந்தது. ஒரு பக்கத்தில் உள்பேட் தேய்ந்தும் வெளிப்பேட் கனமாகவும் இருந்தன. பெரும்பாலும் காலிப்பர் நகர்வதற்கான பின்கள் இறுகிப்போயிருந்தால் இப்படி வரும். கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே உள்ள கிரீஸைத் தடவி மாட்டினோம். சாதாரண கிரீஸ் சூட்டில் உருகும், ரப்பர் உறையையும் கெடுக்கும். பேட்களைத் தேய்ந்த பக்கம் மட்டும் மாற்றக் கூடாது. முன்சக்கரம் இரண்டிலுமே ஜோடியாக மாற்றினோம்.

பிரேக் ஆயில்தான் இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி. பார்த்தால் டப்பா நிறைய இருக்கிறது, அளவு சரியாக இருக்கிறது, பிறகு ஏன் மாற்ற வேண்டும்? காற்றிலிருக்கும் ஈரத்தை அது உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரநிலை. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த எல்லை 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியபடியே வந்தால் அந்தச் சூடு வருவது ஒன்றும் அதிசயமில்லை. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். ஆக, கால் தரை வரை போகும், வண்டி நிற்காது. வீட்டுப் பக்கத்தில் மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது, மலை இறங்கும்போதுதான் தெரியும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

எங்கள் வண்டியிலிருந்து வந்தது கரும்பழுப்பு. நான் உள்ளே உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடித்துக்கொள்ள, அண்ணன் சக்கரத்தில் ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகான நிப்பிளைத் திறந்து பழையதை விட்டு, மூடிய பிறகு "விடு" என்பார். மூடுவதற்கு முன் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். மேலே டப்பா காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சீல் உடைத்து வைத்திருந்த பழைய பாட்டிலை அவர் தொடவே இல்லை. அந்த ஆயில் பெயின்ட்டில் சிந்தினால் பெயின்ட் உரிந்துவிடும் என்பதால் பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீர். நான்கு சக்கரமும் முடித்துத் தெளிவான ஆயில் வந்தபோது பெடல் காலுக்கடியில் உறுதியாக நின்றது. முன்பு இருந்த தொளதொளப்பு இல்லை.

பேட்டரியைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. முழுதாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 அளவுக்குக் காட்ட வேண்டும். இது 11கூடக் காட்டவில்லை. காலியாகவே கிடந்த ஈய (லெட்-ஆசிட்) பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். சார்ஜ் போட்டுப் பார்த்தோம், மறுநாளே இறங்கிவிட்டது. புதியது வாங்கினோம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவில் ஸ்பானர் வைத்துத் திருகும்போது அது பாடியில் பட்டால் தீப்பொறி பறக்காமல் இருக்க இந்த வரிசை. யாராவது ஜம்ப் கேபிள் போட நேர்ந்தாலும் கடைசிக் கறுப்புக் கிளிப்பைச் செத்த பேட்டரியில் மாட்டாமல், அதைவிட்டுத் தள்ளி இன்ஜினின் வெறும் உலோகத்தில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். கடைசி இணைப்பில்தான் பொறி வரும்.

பானெட்டுக்குள் எலிகள் குடித்தனம் நடத்தியிருந்தன. ஏர் ஃபில்டர் பெட்டியில் பஞ்சுக் கூடு, ஒரு வயரில் உறை கடிபட்டுச் செம்பு தெரிந்தது. அதைச் சரிசெய்யாமல் பேட்டரி மாட்டவில்லை. டேங்கில் இருந்த பழைய பெட்ரோல் வார்னிஷ் வாசம் அடித்தது. பெட்ரோலில் லேசாக ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த இன்ஜினைச் சட்டென்று பிடிக்க வைப்பது. சில மாதங்களில் அது போய்விடும். திறந்தவெளியில், தீ, சிகரெட் எதுவும் அண்டாமல் அண்ணனே அதை வெளியே எடுத்தார். இந்த ஒரு வேலையை நான் வேடிக்கை மட்டும் பார்த்தேன். இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் மாறின. டைமிங் பெல்ட்டையும் (பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று ஒத்து இயங்க வைக்கும் பட்டையையும்) மாற்றச் சொன்னார். ஓடிய கிலோமீட்டர் குறைவுதானே என்றேன். கையேட்டைத் திறந்து காட்டினார்: இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருடம், எது முந்தியதோ அது. இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். அப்புறம் பெல்ட் செலவு போய் இன்ஜின் செலவாகிவிடும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் பெட்ரோல் பம்ப்பின் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, செல்ஃபை மட்டும் சில விநாடிகள் விட்டுவிட்டுச் சுற்றினோம். ஆயில் லைட் அணையும் வரை. மேல் பாகங்களுக்கு ஆயில் போய்ச் சேராமல் இன்ஜின் வேகமாகச் சுற்றக் கூடாது என்பதற்காக. வண்டியையும் ஷெட்டிலிருந்து வெளியே தள்ளிவிட்டோம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிட்டால் தலைசுற்றல் வருவதற்குள் காரியம் கைமீறிவிடும். ஃப்யூஸை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் கொஞ்சம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பேட்டரி முனையில் 14 வோல்ட்டுக்கு மேல் காட்டியது, சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம்.

டாஷ்போர்டு விளக்குகளைப் பலர் அணைந்தால் போதும் என்று பார்க்கிறார்கள். சாவியைத் திருப்பியவுடன் அவை எரியவும் வேண்டும். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை என்றால் ஏர்பேக் நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை, பழுதைச் சொல்ல ஆளில்லை என்று பொருள். எங்களுக்கு எல்லாம் எரிந்தது, ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு மட்டும் அணையவில்லை. ஒரு சக்கரத்தின் சென்சாரில் துருவும் அழுக்கும். துடைத்து மாட்டியதும் போய்விட்டது.

முதல் ஓட்டம் ஆளில்லாத தெருவில், நடக்கிற வேகத்தில். பிரேக் பிடி, நிறுத்து, மறுபடி கிளப்பு. பிறகு கொஞ்சம் வேகம் கூட்டி, ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு, பிரேக் போடும்போது வண்டி எந்தப் பக்கமாவது இழுக்கிறதா என்று பார்த்தோம். இழுக்கவில்லை. இறங்கியதும் அண்ணன் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோனார், தொடாமல். ஒட்டிக்கொண்டிருந்த அந்தப் பின்சக்கரம் மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தது. ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள் துருவேறி முழுதாகத் திரும்பி வரவில்லை. கேபிள் மாற்றிய பிறகு நான்கும் ஒரே சூடு. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பின் வீல் நட்டுகளை டார்க் ஸ்பானரால் (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து திருகும் ஸ்பானர்) மறுபடி பார்த்தபோது ஒன்று சற்றே நகர்ந்தது.

அக்கா வந்ததும் சாவியைக் கொடுப்பதற்கு முன் சீட்டைச் சரிசெய்ய வைத்தேன். பிரேக்கை முழுதாக அழுத்தினாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். ஸ்டீயரிங்குக்கும் நெஞ்சுக்கும் நடுவே குறைந்தது 25 சென்டிமீட்டர். தலைச்சாய்வு கழுத்துக்கு அல்ல, தலைக்குப் பின்னால் வரும்படி உயர்த்த வேண்டும். "இவ்வளவு நாளா நான் எப்படித்தான் ஓட்டினேனோ" என்று சிரித்தாள். புது பேட் இன்னும் பழகவில்லை, முதல் சில நூறு கிலோமீட்டர் முன் வண்டியோடு வழக்கத்தைவிட இடைவெளி விடு என்றேன். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போய்விடும், கால் பிரேக்குக்கு வருவதற்குள்ளேயே. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும்.

வைப்பர் ரப்பரையும் மங்கிய ஹெட்லைட்டையும் அந்த வாரமே பார்த்தாயிற்று. ஏசியில் இன்னும் ஒரு வாசம் வருகிறது, கேபின் ஃபில்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரை கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.