குடியை விட்ட பிறகும் ஏறும் மஞ்சள்

"குடிய விட்டு ரெண்டு கிழமையாச்சு டொக்டர், பிறகும் ஏன் கண் மஞ்சளாகிட்டே வருது?" மட்டக்களப்பில் மெடிக்கல் வார்டில் வேலை செய்கிறவர்களுக்குப் பழகிப்போன கேள்வி. கேட்பவர் பெரும்பாலும் மனைவி. கசிப்போ சாராயமோ நின்றது உண்மைதான். ஆனால் இது மதுவால் வரும் ஈரல் அழற்சி; இப்போது ஈரலைத் தாக்கிக்கொண்டிருப்பவை அவருடைய சொந்த நிர்ப்பீடன (நோயெதிர்ப்பு) கலங்கள்.

நாட்பட்ட குடியால் குடற்சுவர் கசியத் தொடங்குகிறது. குடல் பற்றீரியாக்களின் சுவர்த் துண்டுகள் குடலின் இரத்தத்தை ஈரலுக்குக் கொண்டுபோகும் வாயினாளம் வழியே நேரே ஈரலுக்கு வருகின்றன. அங்கே காவலுக்கு இருக்கும் குப்பர் கலங்கள் அவற்றைக் கண்டதும் டி.என்.எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-8 முதலிய அழற்சிச் செய்திப் பொருட்களைச் சுரக்கும். கடைசியாகச் சொன்னது வெள்ளைக்கலங்களில் ஒரு வகையான நியூத்திரோபில்களை அழைத்துவரும். வீங்கிய ஈரற்கலமொன்றைச் சுற்றி நியூத்திரோபில்கள் வளையம் கட்டி நிற்பதைப் பயொப்சித் துண்டில் பார்த்தவர்களுக்கு இந்த நோயைத் தனியாக விளக்கத் தேவையில்லை. மது நின்ற அன்றே அவை கலைந்துபோவதில்லை; வாரக்கணக்கில் நிற்கும்.

இத்தனை கலங்கள் திரண்டாலும் உண்மையான கிருமி வந்தால் அவற்றால் சரியாகக் கொல்ல முடிவதில்லை. நோயாளிகள் பலரை இறுதியில் கொண்டுபோவது கிருமித்தொற்றுதான். காய்ச்சலும் வெள்ளைக்கல உயர்வும் அழற்சியாலேயே வரலாம் என்பதால் 'ஈரல் காய்ச்சல்தானே' என்று விட்டுவிடுவது ஆபத்து. வயிற்றில் தண்ணீர் இருந்தால் அன்றே, அன்டிபயோட்டிக் போடுமுன், ஊசியால் எடுக்க வேண்டும். ஒரு பங்கு கல எண்ணிக்கைக்கு, 10 மி.லீ. கட்டிலடியிலேயே கல்ச்சர் போத்தலுக்குள். வெறும் போத்தலில் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் கிருமி வளராமலே போவது அதிகம். கன மில்லிமீற்றருக்கு நியூத்திரோபில் 250ஐத் தாண்டினால் கல்ச்சர் முடிவுக்குக் காத்திருக்காமல் மருந்து தொடங்க வேண்டும்.

நம் பக்கத்தில் இன்னொரு பொறி எலிக்காய்ச்சல். வயலில் இறங்கியவர், குடிப்பவர், செங்கமாரி (மஞ்சள் காமாலை), காய்ச்சல், நியூத்திரோபில் உயர்வு: இரண்டு நோய்க்கும் இதே படம்தான். கெண்டைக்கால் நோவு, சிவந்த கண், சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் ஏறும் கிரியற்றினின் இருந்தால் எலிக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும். மது ஈரல் அழற்சியில், இரத்தத்தில் அளக்கும் ஈரல் நொதியங்களில் ஏ.எஸ்.ரி, ஏ.எல்.ரி.யைப்போல் இரு மடங்காக இருக்கும். 400ஐத் தாண்டுவது அரிது. ஆயிரக்கணக்கில் வந்தால், பனடோல் எவ்வளவு போட்டார் என்று முதலில் கேளுங்கள்.

நோய் எவ்வளவு கடுமை என்று பார்க்கும் மட்றி கணக்கில் அடிக்கடி நடக்கும் பிழை அலகு. இரத்தம் உறைய எடுக்கும் புரோத்துரொம்பின் நேரம் கட்டுப்பாட்டைவிடக் கூடிய செக்கன்களை 4.6ஆல் பெருக்கி, மஞ்சள் நிறப் பொருளான பிலிரூபினைக் கூட்ட வேண்டும். அந்தப் பிலிரூபின் மி.கி./டெ.லீ. அலகில் இருக்க வேண்டும். நமக்கு ரிப்போர்ட் பெரும்பாலும் மைக்ரோமோலில் வரும். 171 என்று வந்தால் 17.1ஆல் வகுத்து 10. நேரம் 22 செக்கன், கட்டுப்பாடு 12 என்றால் 46 + 10 = 56. வகுக்க மறந்தால் 217. லேசான நோயாளியும் கடுமையானவராகிவிடுவார். உறைதல் நேரத்தின் விகிதமான ஐ.என்.ஆர். மட்டும் வந்தால் செக்கனைக் கேட்டு வாங்குங்கள்.

மட்றி கணக்கு 32ஓ மேலோ இருந்து, தொற்றும் இரத்தப்போக்கும் இல்லையென்றால் ஸ்டிரோயிட்டான பிரெட்னிசொலோன் 40 மி.கி., 5 மி.கி. குளிசையில் எட்டு, காலையில், 28 நாள். ஏழாம் நாள், மருந்து பயன் தருகிறதா என்று காட்டும் லில் ஸ்கோர் 0.45ஐத் தாண்டினால் நிறுத்த வேண்டும். பயன் தராத ஸ்டிரோயிட்டைத் தொடர்வது ஏற்கெனவே தளர்ந்த காவலை இன்னும் தளர்த்தும்.

மிகவும் கவலை தருவது பத்தியம். செங்கமாரி என்றதும் மீன், முட்டை, எண்ணெய் எல்லாம் நிறுத்திக் கஞ்சி மட்டும் கொடுக்கிறார்கள். தசை கரைந்த உடலில் எந்த மருந்தும் பிடிக்காது. கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். முட்டை, பருப்பு, வாவி மீன், எருமைத் தயிர் எல்லாம் கொடுக்கலாம். இரவு பட்டினி நீளாதிருக்கப் படுக்குமுன் ஒரு சிறு உணவு. வார்டில் இரவுச் சாப்பாடு நேரத்தோடு முடிந்துவிடும். அதனால் அம்மாவிடமோ மனைவியிடமோ சொல்லி, பத்து மணிக்குக் கொடுக்க ஒரு கோப்பை தயிரும் இரண்டு வாழைப்பழமும் கட்டிலடி லொக்கரில் வைக்கச் செய்கிறோம்.