மணல் இருக்கிறதா: புதுவை நாட்குறிப்பு, 2024

நவம்பர் 21, வியாழன்

சித்தப்பா 30ஆம் தேதி வருகிறார். மூன்று நாள். முட்டி இரண்டும் சரியில்லை.

நவம்பர் 22, வெள்ளி

அப்படியென்றால் ஊரை முட்டியால்தான் அளக்க வேண்டும். கிழக்கே கடல், மேற்கே அண்ணா சாலை, வடக்கே சர்தார் படேல் சாலை, தெற்கே சுப்பையா சாலை. இந்த முட்டை வடிவத்துக்குள் அடங்கியதுதான் பழைய ஊர். கடலிலிருந்து அண்ணா சாலைக்கு நேராக நடந்தால் ஒன்றரை கிலோமீட்டர்கூட வராது. தெருக்கள் கட்டம் போட்டது போல நேர்க்கோடு. வழி தெரியாவிட்டால் எந்த வீதியிலும் கிழக்கே நடக்க வேண்டியதுதான், கடல் வந்துவிடும்.

குறுக்கே வடக்கு தெற்காக ஓடுவது பெரிய வாய்க்கால். அதற்குக் கிழக்கே ஒயிட் டவுன் என்கிற பிரெஞ்சுக்காரர் பகுதி, மேற்கே தமிழர் வீதிகள். வெளியூர்க்காரர்கள் மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, வாய்க்காலைத் தாண்டாமலே திரும்பிவிடுகிறார்கள். நட்டம் அவர்களுக்குத்தான். வைசியாள் வீதியில் வீட்டு முகப்பு வரிசையைப் பார்த்தால் விஷயம் புரியும். தெருவை ஒட்டி முதலில் தாழ்வாரம், அது வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க. உள்ளே தள்ளித் திண்ணை, பிறகு தலைவாசல், பிறகு முற்றம். பிரெஞ்சு வீடு இதற்கு நேர்மாறு: தெருவுக்கு உயர்ந்த மதில், பெரிய கேட்டு, எல்லா அழகும் உள்ளே. இரண்டும் கலந்த வீடுகளும் உண்டு. கீழ்த்தளத்தில் மரத்தூணும் தாழ்வாரமும், மாடியில் வளைவுச் சன்னலும் சுதை வேலையும். வைசியாள் வீதி முகப்புகளைச் சீரமைத்ததற்கு 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது.

உட்காரத் திண்ணை இருக்குமே என்று கணக்குப் போட்டால், பல திண்ணைகளுக்குக் கம்பி அடித்துவிட்டார்கள்.

நவம்பர் 23, சனி

மணல். சித்தப்பா கடைசியாக வந்தபோது கடற்கரைச் சாலையில் கருங்கல்தான் கிடந்தது. "பீச்சுன்னு சொல்றீங்க, மணலே காணோமே" என்றார். அந்தக் கேள்விக்கு இந்த முறையாவது ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும்.

இந்தக் கரையில் மணல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அலை அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு கல் தடுப்புகள் கடலுக்குள் நீண்டன. மணல் அதற்குத் தெற்கேயே தங்கிவிட்டது. வடக்கே இருந்த நகரக் கரைக்கு வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் நின்றது, அரிப்பு அதற்கு அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது. கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி என்று தமிழ்நாட்டுப் பக்கம் வரை போனது.

2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவில் பெரிய இரும்புப் பெட்டியை மூழ்கவைத்து, அலையின் வேகத்தைக் குறைத்தார்கள். அதன் பிறகு அங்கே மணல் சேர்ந்தது. ஆகவே மணலில் உட்கார வேண்டுமென்றால் சாலையின் வடக்குப் பாதி. தெற்குப் பாதி கல்தான். குளிக்க இறங்கக் கூடாது, அடியில் எங்கே கல் கிடக்கிறது என்று மேலிருந்து தெரியாது.

மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். ஒன்றரை கிலோமீட்டர் சாலை முழுக்க நடப்பவர்களுக்கு. சித்தப்பாவை மாலை ஐந்தரைக்கே காந்தி சிலை அருகில் ஆட்டோவில் இறக்கிவிட வேண்டும். ஆறரைக்கு வந்தால் பக்கத்து வீதியில் இறங்கி நடக்க வேண்டும். ஆட்டோவில் மீட்டர் கேட்டுப் பயனில்லை, ஏறுமுன் பேசிவிட வேண்டும்.

நவம்பர் 24, ஞாயிறு

அரவிந்தர் ஆசிரமத்தில் தரிசன நாள். ஆண்டுக்கு நான்கு: பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24. இன்றைக்கு ஞாயிறும் சேர்ந்துகொண்டது. சமாதியைச் சுற்றியுள்ள வீதிகளில் வரிசை, காந்தி வீதியில் சண்டே மார்க்கெட். எந்த ஆட்டோவும் நகரவில்லை. இந்த நான்கு தேதிகளில் முட்டி வலிக்காரரை அழைத்து வரக் கூடாது. மற்ற நாட்களில் காலை 8 முதல் 12, பிற்பகல் 2 முதல் 6. செருப்பை வெளியே விட வேண்டும், போனை அணைக்க வேண்டும், பேசக் கூடாது, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதியில்லை.

அதே நடையில் மணக்குள விநாயகர் கோயில். இரண்டையும் ஒரே ஆட்டோ செலவில் முடித்துவிடலாம்.

நவம்பர் 25, திங்கள்

அருங்காட்சியகம் திங்கள் விடுமுறை. 30 சனி, 1 ஞாயிறு, 2 திங்கள். ஞாயிறுக்குள் முடிக்க வேண்டும்.

நவம்பர் 26, செவ்வாய்

அரிக்கமேடு வேண்டும் என்று சொல்வார், ரோமானியரோடு வணிகம் நடந்த பழைய துறைமுகம். சரித்திரப் பைத்தியம் அவர். அங்கே போனால் தென்னந்தோப்பும், ஒரு பாழடைந்த செங்கல் சுவரும். அந்தச் சுவரை ரோமானியர் கட்டியதென்று எண்ணிப் படமெடுப்பவர்கள் உண்டு. அது 18ஆம் நூற்றாண்டுப் பாதிரிமார் கட்டடம். 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியவை மண்ணால் மூடிக்கிடக்கின்றன. ரோமானிய மது ஜாடித் துண்டும் மணிகளும் பார்க்க வேண்டுமென்றால் பாரதி பூங்கா அருகே அருங்காட்சியகம். ஞாயிறு. மறக்கக் கூடாது.

சம்பா கோயிலும் சொல்ல வேண்டும். மிஷன் வீதிப் பேராலயத்துக்கு ஊர்க்காரர் வைத்த பெயர், செயின்ட் பால் என்பதன் பிரெஞ்சு உச்சரிப்பான சன் போலிலிருந்து வந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்த வேதபுரீஸ்வரர் கோயிலை 1748இல் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் காலத்தில் இடித்தார்கள். அந்த நாட்களில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிவைத்திருக்கிறார். பிரெஞ்சுக்காரரிடம் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர் வேலை பார்த்தவர், 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு. சரக்கு விலை, யார் யாரிடம் என்ன சொன்னார், எந்தக் கப்பல் வந்தது, எல்லாம். அவர் மாளிகை இருக்கிறது. சித்தப்பாவுக்கு இந்த ஒன்று போதும், முட்டியை மறந்துவிடுவார்.

மழை ஆரம்பித்துவிட்டது.

நவம்பர் 27, புதன்

பேருந்து நிலையம் இடித்துக் கட்டுகிறார்கள், பேருந்துகள் எல்லாம் கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. பஞ்சாலைத் திடலில் நிற்கின்றன. மண் திடல், இந்த மழைக்குச் சேறு. சக்கரம் வைத்த பெட்டி உருளாது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்.) வழி வரும் வண்டியில் ஏறினால் ஏறத்தாழ 150 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். ரயில் விழுப்புரம் சுற்றித்தான் வரும், ஆனால் நிலையம் சுப்பையா சாலையிலேயே இருக்கிறது. எட்டிப் பார்த்தால் இருதய ஆண்டவர் பசிலிக்கா. முட்டிக்கு ரயில். 1879இல் போட்ட பாதைக்கு இப்போதுதான் அருமை தெரிகிறது.

நவம்பர் 28, வியாழன்

புயல் என்றார்கள். இல்லை என்கிறார்கள். போன் செய்தால் "மழையைப் பாத்துப் பயப்படுறவனா நான்" என்கிறார்.

நவம்பர் 29, வெள்ளி

புயல்தான். பெயர் ஃபெஞ்சல். கடற்கரைச் சாலையில் தடுப்பு வைத்துவிட்டார்கள், மணல் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க முடியவில்லை.

இந்தக் கடலுக்கு எடுத்துப் பழக்கம். பிரெஞ்சுக்காரர் கட்டிய கப்பல் பாலம் 1952 புயலில் போனது. பிறகு கட்டியதில் ஒரு பகுதி 2022 மார்ச்சில் சரிந்தது. 2011 டிசம்பர் 30இல் வந்த 'தானே' புயலில் இங்கும் கடலூரிலும் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன.

வந்தால் எங்கே தங்கக் கூடாது என்பதை எழுதிவைப்பது நல்லது. பழைய ஊர் கடலோர மேட்டில் இருக்கிறது, தண்ணீர் வடிந்துவிடும். மேற்கிலும் வடக்கிலும் பின்னால் வளர்ந்த பகுதிகள் பள்ளம். இந்திரா காந்தி சதுக்கம், ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் எல்லாம் சாதாரண மழைக்கே முழங்கால் தண்ணீர். இணையத்தில் மலிவாகத் தெரியும் அறைகளில் சில அங்கேதான். மழைக் காலத்தில் அறை பிடிப்பவர் விலையைப் பார்க்கும் முன் தெருவைப் பார்க்க வேண்டும்.

நவம்பர் 30, சனி

மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி நடைப்பயிற்சியில் விழுந்து இறந்து இன்றோடு இரண்டு ஆண்டு. சித்தப்பா அதனிடம் ஆசீர்வாதம் வாங்கிய படம் வைத்திருக்கிறார். இனி அந்த வாசலில் யானை இல்லை என்று சொல்லவில்லை.

சென்னை விமான நிலையத்தை மதியம் மூடிவிட்டார்கள். அப்பாடா.

இரவு. மின்சாரம் இல்லை. புயல் கரையேறிவிட்டு நகராமல் ஊர் மேலேயே நிற்கிறது.

டிசம்பர் 1, ஞாயிறு

ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. 2004 அக்டோபர் மழையைத்தான் இதுவரை பெரிதென்று சொல்லிக்கொண்டிருந்தோம், அது 21 செ.மீ. கிருஷ்ணா நகரில் படகில் ஆட்களை எடுக்கிறார்கள், ராணுவம் வந்திருக்கிறது.

அருங்காட்சியகம் போயிற்று.

டிசம்பர் 2, திங்கள்

சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை கடலூர்ப் பக்கம் ஊருக்குள் வருகிறது, சாலை இல்லை. விக்கிரவாண்டி அருகே ரயில் பாலத்தைத் தொட்டுத் தண்ணீர், விழுப்புரம் வழி வண்டிகள் ரத்து. முட்டிக்கு ரயில் என்று எழுதியதை அடிக்க வேண்டும். எஞ்சியது ஈ.சி.ஆர்., அதன் கடைசியில் அந்தச் சேற்றுத் திடல்.

பெரிய வாய்க்கால் நிறைந்து கறுப்பாக ஓடுகிறது. சுண்ணாம்பாறு படகு இனி எப்போது விடுவார்களோ. ஆரோவில் பக்கம் மரங்கள் விழுந்திருக்கின்றன என்கிறார்கள்.

டிசம்பர் 3, செவ்வாய்

வெயில். மின்சாரம் வந்தது. சித்தப்பா போனில் முதலில் கேட்டது வீட்டைப் பற்றியில்லை. "மணல் இருக்கா?"

தடுப்பை எடுத்துவிட்டார்கள் என்று பால்காரர் சொன்னார். ஐந்தரைக்குள் போய்த் தலைமைச் செயலகத்தின் எதிரே பார்க்க வேண்டும்.