காருக்குள் ஒரு கிலோ தீயணைப்பான்

சென்ற மாதம் காரின் டிக்கியைச் சுத்தம் செய்தபோது, ஸ்டெப்னிக்கு அருகில் கிடந்த தீயணைப்பானின் அழுத்தமானியைத் துடைத்துப் பார்த்தேன். முள் பச்சைப் பகுதியை விட்டிறங்கிச் சிவப்பில் நின்றது. குடும்பத்தோடு அந்தக் காரில் சென்ற நெடும்பயணங்களை எண்ணிப் பதறிப்போனேன்.

புதிதாக வாங்கியது ஐஎஸ்ஐ முத்திரை பெற்ற, ஏபிசி வகை உலர்தூள் நிரப்பிய ஒரு கிலோ உருளை. இருக்கைத் துணி, பெட்ரோல், மின்கம்பி ஆகிய மூன்றிலும் பற்றும் தீக்கு இத்தூள் பொருந்தும். வேறு வகைத் தீயணைப்பான்களில் நிரப்பப்படும் கார்பன் டை ஆக்சைடு வாயுவோ திறந்த வெளியில் காற்றோடு கலைந்துவிடும். ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில், பிரேக் மிதிக்கு அடியில் உருண்டுவிடாதபடி, பட்டையால் இறுக்கிப் பொருத்தியிருக்கிறேன்.

பானெட்டிலிருந்து புகை வந்தால், வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, எல்லோரையும் இறக்கித் தொலைவில் நிறுத்திய பிறகே உருளையைக் கையில் எடுக்க வேண்டும். பானெட்டை முழுவதும் திறந்தால் காற்றுப் புகுந்து தீ சீறி எழும் என்பதால், உள்ளிருக்கும் லீவரை இழுத்ததும் உண்டாகும் சிறு இடைவெளி வழியாகவே, காற்று முதுகுப்புறமிருந்து வீசும்படி நின்று, உருளையின் பாதுகாப்பு ஊசியை உருவி, தீயின் அடிப்பகுதியை நோக்கித் தூளைப் பீய்ச்ச வேண்டும். சில விநாடிகளில் உருளை தீர்ந்துவிடும். அதற்குள் தீ அடங்காவிட்டால் விலகி நின்று 112 எண்ணை அழைக்க வேண்டும். மின்சாரக் காரின் பேட்டரித் தீக்கு இந்தத் தூள் போதாது. அங்கே முதலிலேயே விலகிவிட வேண்டும்.

ஓட்டத்தின் அதிர்வில் தூள் அடியில் இறுகக்கூடும் என்பதால், மாதம் ஒருமுறை உருளையைக் கவிழ்த்துக் குலுக்கி, முள்ளையும் பார்த்துவிடுகிறேன்.