இடுப்பு வளைவில் ஒடிந்த பட்டைகள்

மரச்சாமான் வேலையிலிருந்து இசைக்கருவிப் பட்டறைக்கு மாறி மூன்றாவது ஆண்டில்தான், யுகுலேலே என்ற, கிடாரைப் போன்ற சிறிய நான்கு தந்திக் கருவி ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை தனியாகச் செய்யும் வேலை என் கைக்கு வந்தது. மேல்பலகையை மெலிதாக இழைப்பதும் கழுத்தைப் பொருத்துவதும்தான் கடினமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவை முடிந்துவிட்டன. என்னை இரண்டு வாரம் நிறுத்திவைத்தது, ஆறு மில்லிமீட்டர் உயரமே உள்ள, மரத்தில் இழைத்த ஒரு மெல்லிய பட்டை.

பைண்டிங் என்று நாங்கள் சொல்வது, பெட்டியின் விளிம்பைச் சுற்றி ஓடும் அந்தப் பட்டையைத்தான். பார்ப்பவர்களுக்கு அது அலங்காரம். அதற்கு வேறு வேலையும் உண்டு. மேல்பலகையும் அடிப்பலகையும் பக்கப்பலகையோடு சேரும் இடத்தில், கழுத்துப் பக்கமும் அடிப்பக்கமும் மரத்தின் வெட்டுமுகம் வெளியே தெரியும். மரம் ஈரத்தை அதிகமாக உறிஞ்சுவது அந்த முகத்தின் வழியாகத்தான். எங்காவது இடித்தால் சிம்பு பெயர்வதும் அங்கேதான். அதனால் விளிம்பைச் சுற்றி ஒரு சிறு படி வெட்டி, அதில் கெட்டியான மரத்தில் இழைத்த பட்டையைப் பதித்து மூடிவிடுகிறோம்.

இந்தக் கருவிமேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு. 1879இல் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் போர்ச்சுகலின் மதேராத் தீவிலிருந்து ஹவாய்க்குப் போய் இறங்கியவர்களில் மனுவேல் நுனெஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரிட்டோ சாந்தோ என்ற மூன்று மரச்சாமான் தச்சர்கள் இருந்தார்கள். தங்கள் ஊரின் மச்சேட்டே என்ற சிறு கருவியை ஒட்டி, ஹவாயின் கோவா மரத்தில் அவர்கள் செய்யத் தொடங்கியதுதான் யுகுலேலே. மேசை நாற்காலி செய்த கைகளில் பிறந்தது என்பதால், அந்த வேலையிலிருந்து வந்த எனக்கும் அதில் ஓர் இடம் இருக்கிறது என்று தோன்றும்.

சரி, பட்டைக்கு வருகிறேன். பக்கப்பலகை கருத்த மரம். அதற்கு எடுப்பாக இருக்கட்டும் என்று அலை அலையாக ரேகை ஓடும் வெளிர் மேப்பிள் மரத்தைத் தேர்ந்தெடுத்தேன். அந்த அழகுதான் சிக்கலும். ரேகை அலையாக ஓடினால் நார்கள் பட்டையின் நீளத்துக்கு நேராகப் போகாமல் ஆங்காங்கே மேற்பரப்பில் வந்து முடிந்துவிடும். வளைக்கும்போது அந்த இடங்கள்தான் முதலில் பிளக்கும். அதிலும் யுகுலேலே சின்னக் கருவி என்பதால், பெட்டி நடுவில் உள்வாங்கும் அதன் இடுப்பு வளைவு கிடாரைவிட இறுக்கமானது.

பட்டையை அழுத்தி வளைக்கும் சூடான உலோகக் குழாயை, சூட்டுக்குழாய் என்போம். அதில் தண்ணீர் தெளித்தால் துளிகள் துள்ளி ஓட வேண்டும், அதுதான் பதம். அந்தப் பதத்தில் வைத்தும் முதல் பட்டை இடுப்பில் பட்டென்று ஒடிந்தது. மரம் காய்ந்திருக்கிறது என்று எண்ணி, அடுத்ததை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தேன். காலையில் அது முறுக்கிக்கொண்டு வந்தது, அப்புறம் அதே இடத்தில் அதுவும் ஒடிந்தது.

பட்டறையில் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். "தண்ணி வளைக்காது தம்பி, சூடுதான் வளைக்கும்" என்றார். மரத்தின் நார்களைப் பிடித்துவைத்திருக்கும் லிக்னின் சூட்டில் இளகும். ஈரம் இருந்தால் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே அது நெகிழத் தொடங்கிவிடும். தண்ணீர் ஆவியாகிச் சூட்டை உள்ளே கொண்டுபோகிறது, மரம் கருகாமலும் காக்கிறது. அதற்குச் சில துளிகளே போதும்.

ஒடிந்த துண்டை வாங்கி, முறிந்த முகத்தைக் காட்டினார். வெளிப்பக்கத்தில்தான் பிளவு தொடங்கியிருந்தது. வளைவின் உட்பக்கம் நசுங்குகிறது, வெளிப்பக்கம் இழுபடுகிறது. இளகிய மரம் நசுங்குவதை நன்றாகத் தாங்கும், இழுபடுவதை அவ்வளவாகத் தாங்காது. அதனால் வெளிப்பக்கத்தில் மெல்லிய எஃகுத் தகட்டை வைத்துச் சேர்த்து வளைக்கச் சொன்னார். பட்டையையும் 2 மில்லிமீட்டரிலிருந்து 1.6க்கு இழைத்தேன். குறைத்தது அவ்வளவுதான், ஆனால் விறைப்பு ஏறக்குறைய பாதியாகிவிட்டது. கனம் குறைந்தால் விறைப்பு அதன் மும்மடிக் கணக்கில் குறையும். ஏட்டில் படித்த அந்தக் கணக்கு விரல்களுக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

மூன்றாவதும் நான்காவதும்கூடப் போயின. அவசரப்பட்டு நுனிகளைப் பிடித்து இழுத்திருக்கிறேன். குழாயைத் தொடும் இடத்துக்குப் பக்கத்திலேயே கையை வைத்து, லேசாக அழுத்திக் காத்திருக்க வேண்டும். முதலில் மரம் கையை எதிர்த்துத் தள்ளும். அப்புறம் ஒரு கணத்தில் அந்த எதிர்ப்பு விலகி, பட்டை தானாகக் குழாயின் மேல் சாயும். அந்தக் கணத்தை யாரும் சொல்லித்தர முடியாது, உள்ளங்கைதான் கண்டுபிடிக்க வேண்டும். ஐந்தாவது பட்டையில் அது எனக்குக் கிடைத்தது. ஆனால் இடுப்பைப் பென்சிலால் குறிக்காததால் வளைவு ஒரு சென்டிமீட்டர் தள்ளி விழுந்திருந்தது. தப்பான இடத்தில் விழுந்த இடுப்பை நகர்த்த முடியாது. அதையும் ஒதுக்கிவைத்துவிட்டு வேறொன்றை எடுத்தேன்.

மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு பட்டைகள் வேண்டும். நான்கும் வந்தன. ஆறிய பிறகு கொஞ்சம் நிமிரும் என்பதால் தேவைக்குச் சற்று அதிகமாகவே வளைத்து, அச்சில் பிடித்துக் குளிரவிட்டேன்.

ஒட்டும்போது இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு மாஸ்கிங் டேப் போட்டு இழுத்துக் கட்டினேன். குவிந்த இடங்களில் டேப் பட்டையை நன்றாக அழுத்தும். இடுப்புப் பள்ளத்திலோ டேப் பாலம்போல் மேலே நிற்குமே தவிர அழுத்தாது. அங்கே வளைவுக்கேற்ற மரக்கட்டையை வைத்துக் கிளாம்ப் போட வேண்டும். மூன்று இடுப்புகளுக்கு நன்றாகப் போட்டேன். நான்காவதில் கட்டை லேசாக நழுவியிருக்கிறது, நான் பார்க்கவில்லை.

மறுநாள் டேப்களைப் பிரித்து, ஸ்கிரேப்பர் தகட்டால் பட்டையைப் பலகை மட்டத்துக்குச் சுரண்டினேன். கருத்த மரத்தைச் சுற்றி அந்த வெளிர் கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வந்ததை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். நான்காவது இடுப்பில் தாள் கனத்துக்கு ஓர் இடைவெளி. அதே மேப்பிளின் தூளைப் பசையில் குழைத்து அடைத்தேன். பூச்சு முடிந்து நான்கு தந்திகளும் ஏறிய பிறகு, கருவிக்கு உரியவர் வந்து வாசித்துப் பார்த்து மகிழ்ச்சியோடு எடுத்துப்போனார். அந்த இடம் அவர் கண்ணில் படவில்லை. என் கட்டைவிரலுக்கு அது இப்போதும் தெரியும்.

ஒடிந்த நான்கும் இடுப்பு தள்ளிய ஒன்றும் என் மேசையின் இழுப்பறையில் இருக்கின்றன. புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் சூட்டுக்குழாயைத் தொடும் முன் அவற்றைத்தான் முதலில் கையில் கொடுக்கிறேன்.