தொழிலுக்குப் பெயர்: பலகை எழுதுமுன் பார்க்க வேண்டியவை

பெயர் விஷயத்தில் அடிக்கடி நடக்கும் தவறு, வரிசை மாறிப்போவதுதான். ஒரு பெயர் மனதில் ஒட்டி, லோகோவும் வரைந்த பிறகுதான் அது வேறு யாருடையதோ என்று தேடவே தொடங்குகிறார்கள். ஆகவே முப்பது, நாற்பது பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு தேடலுக்குப் போங்கள். பெரும்பாலானவை வழியிலேயே கழிந்துவிடும்.

முதல் சோதனை காதுக்கு. ஐந்து பேருக்குப் போன் செய்து பெயரை ஒரே ஒருமுறை சொல்லி, ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். தமிழ்ப் பெயர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். 'நிழல்' என்றால் ஒருவர் ழகரத்துக்கு இசட்-எச் போடுவார், இன்னொருவர் வெறும் எல் போடுவார். 'தினை' டி-யில் தொடங்குமா, டி-எச்சிலா? இணையத்தில் தேடுகிறவர் தவறாக எழுதினால் உங்களிடம் வந்து சேரமாட்டார். 'நிலம்' போன்ற பெயருக்கு இந்தத் தொல்லை குறைவு. எவ்வளவு அழகான பெயரானாலும், ஐந்து பேரும் ஐந்து விதமாக எழுதினால் நாங்கள் அதை விட்டுவிடச் சொல்வோம்.

அடுத்தது, பெயரின் தன்மை. 'நல்ல ரொட்டி' என்று விற்கும் பொருளையே வர்ணிக்கும் பெயருக்கு வணிக முத்திரை (டிரேட்மார்க், அதாவது அந்தப் பெயரைப் பிறர் பயன்படுத்தாமல் காக்கும் சட்ட உரிமை) கிடைப்பது கடினம். 1888-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் தன் கேமராவுக்காகப் பதிவுசெய்த 'கோடாக்' அர்த்தமே இல்லாத சொல்; காப்பது எளிது, ஆனால் என்ன விற்கிறோம் என்று மக்களுக்குப் புரியவைக்க விளம்பரச் செலவு ஆகும். சிறு தொழிலுக்கு நடுவழியே ஏற்றது: பார்சல் சேவைக்குச் 'சிறகு' மாதிரி, தொழிலைக் குறிப்பாக உணர்த்தும் பெயர்.

நிறுவனப் பதிவு, வணிக முத்திரை, இணைய முகவரி மூன்றும் தனித்தனி. ஒன்று கிடைத்ததால் மற்றது கிடைத்ததாகாது. முத்திரைக்கான சர்வதேச வகைப்பாட்டில் 45 வகுப்புகள்: 1 முதல் 34 வரை பொருள்கள், மீதி சேவைகள். உணவகம் 43-இல் வரும். அதே பெயரில் மசாலாப் பொடியும் விற்கப்போகிறீர்கள் என்றால் 30-ஐயும் பாருங்கள். உலக அறிவுசார் சொத்து அமைப்பின் தரவுத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். எழுத்து வேறாக இருந்தாலும் ஒலி நெருங்கினால் ஆட்சேபம் வரும் என்பதால், அந்த ஐந்து பேர் எழுதிய எல்லா வடிவங்களையும் போட்டுத் தேடுங்கள். நாட்டுப் பதிவேட்டையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

இணைய முகவரியைப் பெயர் முடிவான அன்றே வாங்குங்கள், உங்கள் சொந்தக் கணக்கில். தளம் வடிவமைப்பவரின் கணக்கில் விட்டுவைத்தால், பிறகு அவரோடு பிணக்கு வரும்போது முகவரி உங்கள் கையில் இருக்காது. நடுவில் கோடு வைத்த முகவரி வேண்டாம். போனில் சொல்லவே முடியாது.

கடைசியாக, பதிவுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, ரசீது மூன்றிலும் பெயர் ஒரு புள்ளி, ஓர் இடைவெளிகூட மாறாமல் இருக்கட்டும். சிறு வித்தியாசத்துக்கும் காசோலை திரும்பி வரலாம்.