எட்டே காலும் சொச்சமும்: ஒரு கடைக் கணக்கெழுதியின் நாட்குறிப்பு

2 ஆகஸ்ட் 2020, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஜூன் 12ஆம் தேதியே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள், எட்டு வருஷத்துக்குப் பிறகு நாள் தவறாமல். கும்பகோணம் வரை காவிரி நிறைந்து ஓடுகிறது. பார்க்கத்தான் ஆள் இல்லை, ஞாயிறு முழு ஊரடங்கு. தண்ணீர் வராத வருஷங்களில் குழாயடியில் கும்பிட்டோம், வந்த வருஷமும் முற்றத்தில் பித்தளைக் குடத்தை வைத்துத்தான் கும்பிட்டோம். காதோலை கருகமணியைக் குடத்திலேயே போட்டாள் வீட்டுக்காரி.

வேலை இல்லாத நாள் என்பதால் பாத்திரக்கடைப் பேரேட்டை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். ஏப்ரல், மே இரண்டு மாதமும் முதலாளி ஆளுக்குப் பாதிச் சம்பளம் கொடுத்தார். மார்ச் 29 அன்று மத்திய உள்துறை போட்ட உத்தரவு முழுச் சம்பளம் கொடுக்கச் சொன்னது, மே 18இலிருந்து அது வாபஸ். ஜூனில் உச்ச நீதிமன்றம் இரண்டு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்றது. எங்கள் கடையில் யார் பேசுவது? "இதைச் சம்பளம்னு எழுதவா, முன்பணம்னு எழுதவா?" என்று முதலாளியிடம் போனில் கேட்டேன். "ஏதாவது எழுதுய்யா, இப்ப அதுவா முக்கியம்" என்றார். "வீட்டுச் செலவுக்கு" என்று எழுதினேன். 23 பெயருக்கும் அதே வார்த்தை. இன்று படித்தால் நானே சிரிக்கிறேன்.

1 செப்டம்பர், செவ்வாய்

கோயில்கள் திறந்தன. இந்த ஊரில் கோயில் திறந்தால்தான் கடைத்தெருவுக்கு மூச்சு வரும்.

நேற்றுச் சாயங்காலச் செய்தி: ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் உற்பத்தி போன வருஷத்தைவிட 23.9 சதம் குறைவு. விவசாயம் மட்டும் 3.4 சதம் ஏறியிருக்கிறதாம். எனக்கு அது புள்ளிவிவரமாகவே தெரியவில்லை. எவர்சில்வர் பக்கம் நின்ற பையன் போன மாதமே வேலையை விட்டுவிட்டு மாமாவோடு டிராக்டருக்குப் போய்விட்டான். "ஆத்துல தண்ணி இருக்கு அண்ணே, கடையில என்ன இருக்கு?" என்றான்.

கடையில் ஊரடங்கு விதிப்படி நடக்கும் ஐம்பது பேர் கல்யாணம்தான் இருக்கிறது. முன்பு தாம்பூலத்தோடு கொடுக்க 500 டப்பா வாங்கியவர்கள் இப்போது ஐம்பது வாங்கி, அதிலும் விலை பேசுகிறார்கள். பெண்ணுக்குச் சீர் செட் எடுப்பது நிற்கவில்லை, ஆனால் அண்டா சின்னதாகிவிட்டது. விருந்தாளி இல்லாததால் அன்பளிப்புப் பாத்திரமும் இல்லை. வாசலில் பாத்திரத்தில் பேர் வெட்டும் அண்ணனுக்கு எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. இன்று மூன்றே பேர் வெட்டினார். அதில் ஒன்று இன்ஷியல் மட்டும்.

சித்திரையில் சம்பளம் கூட்டித் தருவது கடை வழக்கம், 300, 500 என்று. இந்தச் சித்திரை ஒன்றாம் தேதி ஷட்டர் மூடிக் கிடந்தது. அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒரு முகூர்த்தம் வேண்டியிருக்கிறது.

25 அக்டோபர், ஞாயிறு

ஆயுத பூஜை. தராசு, கல்லாப்பெட்டி, பேர் வெட்டும் உளி, என் பேரேடு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். பொரிகடலை விநியோகம் முடிந்ததும் முதலாளி தொண்டையைச் செருமினார். "இந்த வருஷம் வியாபாரம் எப்படின்னு உங்களுக்கே தெரியும். தீபாவளிக்குத் துணி உண்டு, ஸ்வீட் உண்டு. போனஸை எதிர்பார்க்காதீங்க."

யாரும் எதுவும் சொல்லவில்லை. சீனியர் சேல்ஸ்மேன் கையிலிருந்த பொரியை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தார்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. வியாபாரம் படுத்தது இந்த வருஷம். தீபாவளிக்குக் கொடுக்க வேண்டிய போனஸ் போன வருஷத்துக்கு, 2019 ஏப்ரல் முதல் 2020 மார்ச் வரை உழைத்ததற்கு. அந்த வருஷம் தைக்கும் மாசிக்கும் நாங்கள் மத்தியானச் சாப்பாட்டை நாலு மணிக்குச் சாப்பிட்ட வருஷம். அந்த உழைப்பின் லாபம் மார்ச்சிலேயே கணக்கில் ஏறிவிட்டது. ஊரடங்கு அதைத் தொடவில்லை.

3 நவம்பர், செவ்வாய்

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். மத்தியானம் கூட்டமில்லாத நேரம் பார்த்து, கணக்குச் சந்தேகம் கேட்பதுபோல. 1965ஆம் வருஷத்துச் சட்டம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடை என்றால் லாபமோ நஷ்டமோ, குறைந்தது 8.33 சதம் கொடுத்தே ஆக வேண்டும், கணக்கு முடித்து எட்டு மாதத்துக்குள். எங்களுக்கு நவம்பர் 30 கெடு.

"அது என்னய்யா எட்டே காலும் சொச்சமும்?"

"நூறைப் பன்னிரண்டால வகுத்தா வர்றதுங்க. ஒரு மாசச் சம்பளம்."

ஆனால் முழு ஒரு மாதச் சம்பளம் இல்லை, அதையும் சொன்னேன். மாதம் 7,000 ரூபாய் வரைதான் கணக்கில் எடுக்க வேண்டும். வருஷத்துக்கு 84,000. அதில் 8.33 சதம் 6,997 ரூபாய் 20 காசு. சீனியர் சேல்ஸ்மேன் வாங்குவது 11,500. போன தீபாவளி வரை அதையே முழுசாகக் கவரில் போட்டுக் கொடுத்தோம். சட்டப்படி போனால் அவருக்கு நாலாயிரத்து ஐந்நூறு குறையும். சட்டத்தைக் காட்டி வாங்கித் தருகிறேன் என்று கிளம்பியவன் சட்டத்தைக் காட்டிக் குறைத்தும் கொடுத்துவிட்டேனோ என்று இருக்கிறது.

சொல்லாமல் விட்டது ஒன்று. 7,000 அல்லது அந்த வேலைக்கு அரசு வைத்த குறைந்தபட்ச ஊதியம், எது அதிகமோ அது என்றுதான் 2015இல் திருத்தினார்கள். "அல்லது"க்குப் பிறகு உள்ளதை நான் வாசிக்கவில்லை. முழுக்கச் சொல்லியிருந்தால் அவர் எழுந்தே போயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். என் சம்பளம் 18,000. போனஸ் வாங்கச் சம்பள உச்சவரம்பு 21,000. அந்தத் தாளில் என் பெயரும் இருக்கிறது, அதனால் குரலை உயர்த்தவும் முடியவில்லை.

அரசு நிறுவனத் தொழிலாளர்களுக்கே இந்த முறை 10 சதம்தான், போன வருஷம் 20. அதிகபட்சம் 16,800 வாங்கியவர்களுக்கு 8,400. முதலாளி அந்தப் பேப்பரை மடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

6 நவம்பர், வெள்ளி

சின்ன முதலாளிக்கு ஒரு யோசனை. நாலு பேர் நின்றுவிட்டார்கள், இப்போது 19 பேர்தானே, சட்டம் பொருந்தாதே என்றார். ஒரு தடவை பொருந்திவிட்டால் ஆள் குறைந்தாலும் விடாது என்றேன். நின்றுபோனவர்களுக்கும் போன வருஷத்துப் பங்கு உண்டு, டிராக்டர் பையனுக்கும். பிப்ரவரி 3இல் சேர்ந்த பெண்ணுக்குமா என்றார். 30 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். ஞாயிறு கழித்து எண்ணினேன், மார்ச் 23 வரை 43 நாள். 964 ரூபாய் வந்தது. "இதுக்கும் கவரா?" என்றார். ஆமாம், இதற்கும் கவர்.

அப்புறம்தான் முதலாளி அந்தக் கேள்வியைக் கேட்டார். "ஏப்ரல், மே மாசத்துல கொடுத்தோமே, அதை இதுல கழிச்சா என்ன?"

பேரேட்டைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து 23 வரியும் படித்தார். வீட்டுச் செலவுக்கு, வீட்டுச் செலவுக்கு, வீட்டுச் செலவுக்கு. "இப்படி யார் எழுதச் சொன்னா?" என்றார். "நீங்கதான், ஏதாவது எழுதச் சொன்னீங்க." வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் என்றுதான் நினைத்தேன். மூடிவிட்டு, "சரி, கவர் வாங்கிட்டு வரச் சொல்லு" என்றார்.

12 நவம்பர், வியாழன்

கொடுத்தாயிற்று. கவர், துணி, அரை கிலோ ஸ்வீட். சீனியர் சேல்ஸ்மேன் கவரைப் பிரிக்காமலே கையில் எடை பார்த்தார், பாத்திரக்காரர் இல்லையா. "குறைஞ்சிருக்கு" என்றார். எவ்வளவு, ஏன் என்று சொன்னேன். "வராதுன்னு நினைச்சது வந்திருக்கு" என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சித்திரைக் கணக்கை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

பேர் வெட்டும் அண்ணன் பெயர் எந்த வருஷமும் பட்டியலில் இருந்ததில்லை. கூலி ஆள் என்பார்கள். அவருக்கு வேட்டி சட்டையும் 500 ரூபாயும். இந்தத் தடவையும் அதேதான்.

13 நவம்பர், வெள்ளி

நாளை தீபாவளி. ராத்திரி பத்தரை வரை கடை. குத்துவிளக்கு ஆறு ஜோடி போனது, தூக்குவாளி நிறைய. வாசலில் உளிச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தது, பதினேழு பேர் வெட்டினாராம்.

ஆடிட்டர் அடுத்த வாரம் வருகிறார். ஏப்ரல், மே வரிகளை எந்தத் தலைப்பில் ஏற்றுவது என்று முதலாளியும் இன்னும் சொல்லவில்லை.