"ஃபமோடிடின்லயும் ஒருவாட்டி பாத்துடலாமா?"

ஆய்வகத்தில் ஜூனியர் கேட்டது இவ்வளவுதான். ஃபமோடிடின், சிமெட்டிடின் இரண்டுமே வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள், இரண்டும் மறிப்பது ஒரே ஏற்பியை. செல்கள் வளர்த்த பிளேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "வேணாம், சிமெட்டிடினே போதும்" என்றேன். அந்தப் 'போதும்' இன்னும் காதில் நிற்கிறது.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். சிமெட்டிடின் ஊர்பேர் தெரியாத மருந்தல்ல. 1976ல் விற்பனைக்கு வந்த முதல் எச்2 தடுப்பான். ஹிஸ்டமின் என்ற உடல் வேதிப்பொருள் செல்லின் மேல் போய் ஒட்டும் எச்2 ஏற்பியை மறிப்பது. அந்த ஆய்வை முன்னின்று நடத்திய ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988ல் நோபல். செல்களுக்கு ஹிஸ்டமின் கொடுத்தோம், விளைவு வந்தது. சிமெட்டிடின் சேர்த்தோம், அடங்கியது. மூன்று தடவையும் அடங்கியது. ஹிஸ்டமினின் விளைவு எச்2 ஏற்பி வழியாகத்தான் என்று கட்டுரை வரைவில் எழுதினேன்.

ஆனால் நாங்கள் போட்ட சிமெட்டிடினின் செறிவு 100 மைக்ரோமோலார். ஏற்பியைப் பிடிக்க ஒரு மைக்ரோமோலாரை ஒட்டிய அளவே போதும். மிச்சம் எங்கே போய் ஒட்டியது? டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் மில்லிக்கு 25.2 மில்லிகிராம் கரைத்து, ஆயிரத்தில் ஒரு பங்காகச் சேர்த்தது என் கைதான். மூடியைத் திறந்ததும் வந்த லேசான கந்தக வாடைகூட நினைவிருக்கிறது. அந்த அளவில் சிமெட்டிடின், செல்லுக்குள் பொருள்களை ஏற்றும் புரதங்களான ஓசிடி கடத்திகளையும் மறிக்கும். ஹிஸ்டமினைச் செல்லுக்குள் ஏற்றுவதில் அவற்றுக்கும் பங்குண்டு. தெரியாதவளா நான்? சிமெட்டிடின் சாப்பிட்டால் சிறுநீரகம் கெடாமலே ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறும், சிறுநீரகக் குழாய்கள் அதைச் சிறுநீருக்குள் சுரப்பது தடைபடுவதுதான் காரணம் என்று வகுப்பில் வருஷாவருஷம் சொல்லிக்கொடுப்பவள்.

சில வாரம் கழித்து அவளாகவே ஃபமோடிடின் போட்டுப் பார்த்திருக்கிறாள். 1 மைக்ரோமோலார், எச்2வுக்கு அது தாராளம். விளைவு அடங்கவே இல்லை. தாளை என் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனாள்.

கெடு நெருங்கியிருந்தது, அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் அன்று பிளேட்டின் ஓரத்தில் மூன்று வெல், அதாவது செல் வளர்க்கும் குழிகள், காலியாகவே கிடந்தன. ஃபமோடிடினிலும் அடங்கியிருந்தால் இந்தப் பேச்சே எனக்கு மறந்திருக்கும் என்பதும் உண்மை. அப்போது என் பதில் சரியாகியிருக்குமா? இல்லை என்றுதான் நினைக்கிறேன், சில நாள் அதுவும் உறுதியாக இல்லை. ஓசிடிதான் காரணம் என்றும் இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

வரைவிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டேன். "நீ கேட்டது சரி" என்று அவளிடமும் சொன்னேன். "பரவால்லக்கா" என்றாள். அதற்கப்புறம் என்னிடம் எதையும் கேட்பதில்லை. செய்து முடித்துவிட்டுக் கொண்டுவந்து காட்டுகிறாள். ஆராய்ச்சிக்கு அது நல்லதுதான். எனக்குத்தான், இன்னொரு தடவை "பாத்துடலாமாக்கா" என்று வந்து நிற்க மாட்டாளா என்றிருக்கிறது.